ட்ரோன் முகாமில் எங்கே சறுக்குகிறோம்?

நிரல் (கணினிக்கான கட்டளை வரிகள்) எழுதி ட்ரோனைப் பறக்கவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முகாம் இது. பெட்டியைப் பிரித்ததும் ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. கையால் ஓட்டி ருசி கண்ட பிள்ளையை அப்புறம் உட்கார்ந்து நிரல் எழுதச் சொன்னால் முகம் சுருங்கிப்போகும். முதல் பறத்தலே நிரலால் நடக்கட்டும்: மேலே எழு, ஐந்து விநாடி நில், இறங்கு. மூன்று வரி போதும்.

அடுத்தது பேட்டரிக் கணக்கு. வகுப்புகளில் அதிகம் புழங்கும் டெல்லோ என்ற குட்டி ட்ரோன் முழு சார்ஜில் அதிகபட்சம் 13 நிமிடம்தான் பறக்கும். சார்ஜ் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நிமிடங்களைத் தவறு கண்டுபிடிப்பதில் செலவழிக்காதீர்கள். பறக்கவிடும் முன் ஒரு பிள்ளை ட்ரோனாக நடக்க, இன்னொருவர் நிரலின் கட்டளைகளை வாசிக்கட்டும். 'வலப்பக்கம்' என்பது ட்ரோனின் வலமா, பார்ப்பவரின் வலமா என்ற குழப்பம் தரையிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் பல பயிற்றுநர்கள் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். ஒரு மீட்டர் முன்னே போ, 90 பாகை திரும்பு. இதை நான்கு முறை செய்தால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். வராது. உடனே பிள்ளை 90ஐ 93 ஆக்கும், பிறகு 95 ஆக்கும். நிரலில் பிழையே இல்லாதபோதும் இந்தத் திருத்தம் நடக்கும். டெல்லோ தன் அடியில் உள்ள கேமராவால் தரையைப் பார்த்துத்தான் நிலைகொள்கிறது. ஒரே நிறத்தில் பளபளக்கும் தரையிலும் மங்கலான வெளிச்சத்திலும் அது தடுமாறி நகர்ந்துவிடும்.

எது யாருடைய பிழை என்று எப்படிப் பிரிப்பது? எதையும் மாற்றாமல் அதே நிரலை மூன்று முறை ஓட்டி, இறங்கும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் சிதறிக் கிடந்தால் முதலில் தரையையும் வெளிச்சத்தையும் சந்தேகியுங்கள். கோலமோ கட்டமோ போட்ட விரிப்பை விரித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து, அந்த இடம் மட்டும் தவறாக இருந்தால் நிரலைத் திறக்கலாம். என்னைக் கேட்டால், முகாமில் வேறெதுவும் கற்காவிட்டாலும் இது ஒன்று போதும்.

ஒவ்வொரு டெல்லோவும் தனக்கென ஒரு வைஃபை வைத்திருக்கும், பெயர்களும் ஒன்றுபோலவே இருக்கும். எண் எழுதி ஒட்டாவிட்டால் ஓர் அணியின் கட்டளைக்கு அடுத்த அணியின் ட்ரோன் கிளம்பும்.

இறக்கைக் காப்பு, இழுத்துக் கட்டிய தலைமுடி, உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடாமை ஆகியவற்றை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது அவசர நிறுத்தக் கட்டளையை. அது ட்ரோனை இறக்காது. மோட்டார்களை அணைத்துவிடும், ட்ரோன் கல்லாய் விழும். இறங்கும் கட்டளைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் பறத்தலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி நாள் பெற்றோர் முன்னால் எல்லாருக்கும் குட்டிக்கரணம்தான் காட்ட வேண்டும். சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் டெல்லோ குட்டிக்கரணம் போடாது. அதற்கென்று ஒரு முழு பேட்டரியைத் தனியே எடுத்து வையுங்கள்.