மலைவீட்டில் இரத்த வயிற்றுப்போக்கு: மாத்திரைக்கு முன் அறிய வேண்டியது

மாட்டின் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் வகைகளுள் சில, இரத்த வயிற்றுப்போக்கை விளைவிக்கும் ஷிகா நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சுக்கான மரபணுவைக் கொண்டுவந்தது, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் ஒடுங்கியிருக்கும் ஒரு வைரஸ். டி.என்.ஏ. சேதமடையும்போது அந்த வைரஸ் விழித்துப் பெருக, அதனோடு நச்சும் மிகுந்து, பாக்டீரியா உடைந்ததும் குடலில் கலக்கிறது. சிப்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் அந்தச் சேதத்தையே விளைவிக்கின்றன.

ஆகவே மலத்தில் இரத்தம் கண்டால், கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டியபடியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஷிகெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவால் வரும் சீதபேதிக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம் என்பதால், மலப் பரிசோதனை செய்து மருத்துவரே முடிவெடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைக் கூடுதலாகக் கவனியுங்கள்: வயிற்றுப்போக்கு தணிந்த பிறகும், நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் சிறுநீர் குறைந்து முகம் வெளுத்தால், அந்த நச்சால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும், ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

இதைப் போலவே, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயின் நச்சும் வைரஸ் தந்ததே என்பதற்கு 1951-இல் சான்று கிடைத்தது. அதற்கான தடுப்பூசி அந்த நச்சையே முறியடிக்கிறது. குழந்தைக்குத் தவறாமல் போடுங்கள்.

உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எனவே கிருமிகள் அழிய, கொதி வந்தபின் 3 நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். பாலையும் நன்றாகக் காய்ச்சுங்கள். தோட்டத்துக் கேரட்டை ஓடை நீரில் அலசி அப்படியே கடிக்காமல், காய்ச்சி ஆறவைத்த நீரில் கழுவித் தோல் சீவுங்கள்.