புயல் வருதுன்னா மிளகா செடிக்கு நாம பண்ற தப்புங்க

அக்டோபர் வந்தா போதும், மிளகா செடியை குளிர்லேர்ந்து காப்பாத்துறது எப்படின்னு வெளிநாட்டுக்காரங்க போட்ட வீடியோவா போன்ல வந்து நிக்கும். அவங்க ஊர்ல ஒரே ராத்திரி உறைபனி விழுந்தா இலைக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு, காலைல செடி கருத்து தொங்கிடும், அதனால சாயந்திரமே போர்வை போட்டு மூடுவாங்க, இருக்கிற காயெல்லாம் பறிச்சுடுவாங்க. அவங்களுக்கு அது சரி. நம்ம வடசென்னையில, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மாடிக்கு உறைபனி எங்கேர்ந்து வரும், மார்கழி விடியக்காலைல கூட 20 டிகிரிக்கு கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும், மிளகாய்க்கு அது குளிரே இல்ல. இங்க செடி சாகுறது தண்ணியால, காத்தால, அப்புறம் பாதிக்குப் பாதி நாம பதட்டத்துல பண்ற வேலையால.

முதல் தப்பு இந்த மூடுற வேலைதான். வீடியோவைப் பாத்துட்டு தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட், பழைய பெட்ஷீட்னு எதையாவது போட்டு இறுக்கி கட்டிடுறாங்க. எங்க தெருவுல ஒரு ஆயா இதைப் பாத்துட்டு "இன்னாம்மா, செடிக்கு ஜொரமா, இப்டி போத்தி வெச்சிகிற"ன்னு கேட்டது சரியான கேள்வி. உறைபனிக்கு மூடுறது மண்ணுல இருக்கிற சூடு வெளிய போகாம இருக்க, அதுவும் காலைல எடுத்துடணும் (ஊட்டி பக்கம் இருக்கிறவங்க அப்படி பண்ணலாம், அங்க டிசம்பர் ஜனவரியில நிஜமாவே உறைபனி விழும்). நம்ம ஊர்ல ரெண்டு நாள் மூடி வெச்சா உள்ள புழுக்கம் சேர்ந்து இலை, பூ, காம்பு எல்லாம் ஈரத்துலயே கிடந்து பூஞ்சணம் புடிச்சுடும். அதுக்கு மேல, காத்து அடிச்சா அந்த ஷீட் பாய்மரம் மாதிரி உப்பி செடியை தொட்டியோட கவுத்துடும். மூடியே ஆகணும்னா மேல மட்டும் சரிவா ஒரு ஷீட் கட்டுங்க, நாலு பக்கமும் திறந்து இருக்கட்டும், புயல் காத்துன்னா அதையும் அவுத்துடுங்க.

எப்ப வேலையை ஆரம்பிக்கணும்னு தெரியாம கடைசி நேரத்துல ஓடுறது அடுத்த தப்பு. துறைமுகத்துல 1ம் நம்பர், 2ம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா புயல் இன்னும் தூரத்துல கடல்ல இருக்குன்னு அர்த்தம், காசிமேட்டுல போட்டெல்லாம் திரும்பி வந்து வரிசையா கட்டி நிக்கும், அதுதான் நமக்கும் மாடிக்குப் போற நேரம். கூண்டு 8, 9, 10ன்னு ஏறினதுக்கு அப்புறம் மாடிக்குப் போறது நாலு மிளகாய்க்காக உசுர பணயம் வைக்கிற கதை.

போனதும் முதல்ல காய். இங்கதான் நிறைய பேர் ஆசைப்படுறாங்க, இன்னும் நாலு நாள் இருந்தா பழமாயிடுமேன்னு செடியிலேயே விட்டுடுறாங்க. தொடர் மழையில பழுத்த பழத்துக்குத்தான் முதல் அடி, தோல்ல சின்னதா பள்ளம் விழுந்து, அது வட்டமா பெருசாகி, நடுவுல கருப்பு புள்ளி புள்ளியா வளையம் தெரியும், அதுதான் பழ அழுகல் நோய். அது மழைத்துளி தெறிக்கிறதுலயே பக்கத்து செடிக்குப் போயிடும். அதனால செவந்தது எல்லாத்தையும், நிறம் மாற ஆரம்பிச்சது எல்லாத்தையும், முழு சைஸ் வந்து தொட்டா கெட்டியா பளபளன்னு இருக்கிற பச்சையையும் எடுத்துடுங்க. பிஞ்சை விட்டுடுங்க, பொழைச்சா பொழைக்கட்டும்.

பறிக்கிற விதமும் இருக்கு. மிளகா செடி கவட்டை கவட்டையா பிரியும், ஒவ்வொரு கவட்டையிலயும் ஒரு காய் தொங்கும், அந்த இடம் சட்டுன்னு ஒடியும், காயைப் புடிச்சு கீழ இழுத்தா காயோட கிளையும் கிழிஞ்சுகிட்டு வரும், அந்த காயத்துல மழைத்தண்ணி எறங்கினா அங்கேர்ந்து நுனி வரைக்கும் கருகிடும். ஒரு கையால கிளையைப் புடிச்சுகிட்டு கத்திரிக்கோலால காம்போட வெட்டுங்க, இல்லன்னா காம்பை மேல் பக்கமா தூக்கி ஒடிங்க, டக்குன்னு வந்துடும். மழை பெய்யும்போது ஈரத்தோட பறிக்கவே கூடாது, பறிச்ச காயும் அழுகும், நம்ம கையே நோயை செடிக்கு செடி கொண்டு போகும்.

பச்சையா பறிச்சதெல்லாம் வீட்ல வெச்சா பழுக்கும்னு நம்பாதீங்க. கொஞ்சமாவது ஆரஞ்சோ பழுப்போ ஓடியிருந்தா பேப்பர் விரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு படாம வெச்சா சில நாள்ல செவந்துடும். கரும்பச்சையா இருக்கிறது பெரும்பாலும் சுருங்குமே தவிர செவக்காது. விதைக்கு எடுக்கிறதா இருந்தா செடியிலேயே நல்லா பழுத்த பழம்தான், பச்சைக்காய்ல இருக்கிற விதை முளைக்கிறது சந்தேகம்.

சரி, இப்ப தண்ணி கதைக்கு வருவோம், பெரிய தப்பெல்லாம் இதுலதான். வானிலை ஆபீஸ் சொல்ற ரெட் அலர்ட்னா 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல மழைன்னு கணக்கு. 500 சதுர அடி மாடியில அவ்ளோ பெய்ஞ்சா 9,000 லிட்டருக்கு மேல தண்ணி, அது மொத்தமும் மூலையில இருக்கிற ஒரே ஒரு பைப்ல எறங்கணும். அந்த பைப் வாயில நம்ம செடி இலை, தேங்காநார் கழிவு, கரி படிஞ்ச சேறு எல்லாம் அடைச்சிருக்கும். அப்புறம் மாடி குளமாகி, கீழ் வீட்டு சீலிங் ஒழுகி, ஹவுஸ் ஓனர் மேல ஏறி வந்து "செடியெல்லாம் எடுத்துடுங்க"ன்னு சொல்றதுல முடியும். முதல்ல பைப்பை சுத்தம் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். தொட்டிக்கு அடியில வெச்சிருக்கிற தட்டை எடுங்க. குரோ பேக்ல ஓட்டை இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, வேரும் நாரும் போய் அடைச்சிருக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவரை விட்டு குத்திப் பாருங்க, பையை ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. மிளகா வேருக்கு மூச்சு வேணும், தண்ணியிலேயே நின்னா ஒண்ணு ரெண்டு நாள்லயே அழுக ஆரம்பிச்சுடும்.

கைப்பிடி சுவர் மேல தொட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான், கீழ இறக்குங்க. அது செடிக்காக இல்ல, தெருவுல போறவன் தலைக்காக. 2016 டிசம்பர் 12ம் தேதி வர்தா புயல் அடிச்சப்ப பாத்திருப்பீங்க, முதல்ல வடக்குலேர்ந்து அடிச்சுது, நடுவுல அமைதியாச்சு, முடிஞ்சுதுன்னு எல்லாரும் வெளிய வந்தா அப்புறம் தெக்குலேர்ந்து திரும்பி அடிச்சுது. அதனால ஒரு பக்க சுவரோரம் ஒதுக்கிட்டா போதும்னு நினைக்காம, தண்ணி டேங்குக்கும் மாடிப்படி ரூமுக்கும் நடுவுல எல்லா தொட்டியையும் நெருக்கி வெச்சு சுத்தி ஒரு கயிறு போடுங்க. செடியை குச்சியோட கட்டுறதா இருந்தா நைலான் கயிறு வேணாம், தண்டை அறுத்துடும், பழைய லுங்கியை கிழிச்சு எட்டு மாதிரி சுத்தி லூசா கட்டுங்க.

மழைக்கு முன்னாடி செடிக்கு தெம்பு வரட்டும்னு உரம் போடுறது, இடத்துல அடங்கட்டும்னு கவாத்து பண்றது (கிளையை வெட்டி விடுறது), ரெண்டும் வேணாம். உரம் அப்படியே கரைஞ்சு சாக்கடைக்குப் போகும், வெட்டின வாய்ல அழுகல் ஏறும்.

பறிச்ச காயை என்ன பண்றதுன்னா, கழுவி கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல தள்ளுறதுதான் எல்லாரும் பண்றது, அது சீக்கிரம் கொழகொழன்னு ஆயிடும். சமையலுக்குன்னா ஈரம் இல்லாம துடைச்சு, காம்பை கிள்ளிட்டு, டப்பாவுல பேப்பர் போட்டு வைங்க. ஃப்ரீசரை நம்பி மொத்தத்தையும் அடைக்காதீங்க, 2023 மிக்ஜாம் புயல் அப்ப கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சுன்னு பெரம்பூர், புளியந்தோப்பு ஆளுங்களைக் கேளுங்க. அந்த நேரத்துல மோர் மிளகாயும் வேணாம், வெயில் இல்லாம மோர்ல ஊறின மிளகா நாத்தம் எடுத்துடும். உப்பு போட்டு எலுமிச்சம்பழ சாறுல ஊறப் போடுங்க, இல்ல நல்லெண்ணெய்ல வதக்கி தொக்கா கிண்டிடுங்க. வத்தலுக்குன்னு ஃபேன் காத்துல காய வெச்சா, ஒல்லி மிளகா ஓரளவு காயும், குண்டு மிளகாயும் பஜ்ஜி மிளகாயும் வெளிய காஞ்ச மாதிரி இருந்துட்டு உள்ள பூஞ்சணம் புடிச்சிருக்கும். ஒண்ணை ஒடிச்சுப் பாருங்க, உள்ள சாம்பலாவோ கருப்பாவோ இருந்தா கழுவி உபயோகிக்கலாம்னு நினைக்காம தூக்கிப் போடுங்க, அந்த பூஞ்சண விஷம் வறுத்தாலும் போகாது.

மழை விட்ட மறுநாள் செடி வாடி தொங்கும், உடனே ஐயோ பாவம்னு ஒரு குடம் தண்ணி ஊத்துவாங்க. மண்ணு சொதசொதன்னு இருக்கும்போது செடி வாடுதுன்னா வேருக்கு காத்து இல்லன்னு அர்த்தம், தண்ணி ஊத்துறது அதை முடிச்சு விடுறதுதான். மேல் மண்ணு காயுற வரைக்கும் சும்மா விடுங்க, அப்புறம் லேசா கிளறி விடுங்க. ஆனா ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு கடலோரம் இருக்கிறவங்க மட்டும் ஒரு வேலை பண்ணணும், புயல் காத்து உப்பை அள்ளிட்டு வந்து இலை மேல படிய வெச்சுடும், ரெண்டு நாள்ல ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி ஆகும், அதனால காத்து ஓய்ஞ்ச காலைல நல்ல தண்ணியால இலையை மட்டும் கழுவி விடுங்க, மண்ணுல ஊத்தாம. ஈரம் கொஞ்சம் குறைஞ்சதும் சூடோமோனாஸ் (நோயை அடக்குற நல்ல பாக்டீரியா தூள்) லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு தெளிக்கலாம், அழுகின காயை பொறுக்கி குப்பையில போடுங்க, உரக்குழியில போட்டா நோய் அங்கேர்ந்து திரும்பி வரும்.

தரையில செடி வெச்சு, தெருத்தண்ணி ஏறின வீடுங்களுக்கு வேற மாதிரி சொல்லணும். அந்தத் தண்ணியில சாக்கடை கலந்திருக்கும், அது பட்ட காயை எவ்ளோ கழுவினாலும் சாப்பிடாதீங்க. 2023ல எண்ணூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்த மாதிரி ஆயிடுச்சுன்னா செடியோட மண்ணையும் மாத்தணும், அங்க பாசம் பாக்காதீங்க.

பொழைச்ச செடிக்கு கவாத்து தை பொறந்து வெயில் நல்லா அடிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான். காஞ்ச நுனியை பச்சை தெரியுற இடம் வரைக்கும் வெட்டிட்டு, ஒரு கை மண்புழு உரம் போட்டு விட்டா கணுவுக்கு கணு புதுசா தளிர் விடும், தளிர் சுருண்டு வந்தா மட்டும் இலைப்பேன் இருக்கான்னு இலைக்கு அடியில திருப்பிப் பாத்துட்டு வேப்பெண்ணெய் கரைசல் அடிங்க.