ஏரித் தீவில் செடி கணக்கெடுப்பது எப்படி?

விட்டதை அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. படகு, அனுமதி, காற்று மூன்றும் ஒத்துவரவேண்டும். செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பதைத் திரும்பி வந்து செய்யலாம். பூவின் நிறம், இலையின் வாசனை, கிள்ளினால் பால் வடிகிறதா என்பதையெல்லாம் அங்கேயே எழுதியாகவேண்டும். காய்ந்தபின் தெரியாது.

படகில் ஏறுமுன் ஷூவின் அடிப்பகுதி, சாக்ஸ், பேண்ட் மடிப்பு, பை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். சாக்ஸில் ஒட்டிய ஒரே விதை போதும், தீவுக்குப் புதுக் களை வந்துவிடும்.

இறங்கியதும் தரையில் வைத்துச் செடி எண்ணும் சதுர அளவுச் சட்டத்தை எடுக்காதீர்கள். சின்னத் தீவுக்கு முழுப் பட்டியலே போடலாம். கரையோரம் ஒரு முழுச் சுற்று, பிறகு உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நடை. அரை மணி நேரம் புதிதாக எதுவும் கண்ணில் படவில்லை என்றால் நிறுத்தலாம். படகு அணையும் இடத்தைத் தனியாகக் குறியுங்கள், களைகள் அங்கேதான் கூடும். பறவைகள் அடையும் மரத்தடியும் தனிக் கணக்கு: எச்சத்தின் உரத்தில் சில செடிகள் கொழுக்கும், மற்றவை கருகும். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அடுத்து அளவு. தரையில் சதுரம் குறித்து அதற்குள் இருப்பவற்றை எண்ணுங்கள்: சிறுசெடிகளுக்கு 1×1 மீட்டர், புதர்களுக்கு 5×5, மரங்களுக்கு 10×10. மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுங்கள். கரை குறுகலாக இருந்தால் 10×10 சதுரத்தில் கரையும் காடும் கலந்துவிடும். அங்கே 50×2 என்று நீளமாகப் போட்டால் பரப்பு அதேதான், குழப்பம் இல்லை.

நீருக்குள் இருப்பவற்றைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சருகு வாரும் பல் வைத்த இரண்டு வாருகோல் தலைகளை முதுகோடு முதுகாகக் கட்டி, 10 மீட்டர் கயிற்றில் வீசி இழுங்கள். வெளியே வந்ததும் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். தட்டில் நீர் விட்டுச் செடியை மிதக்கவிட்டு, கீழே தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால் விரிந்தபடியே படியும். மேலே மெல்லிய துணி போடாவிட்டால், அழுத்தி உலர்த்தும் செய்தித்தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

மாதிரி எடுப்பதில் கை நீளக்கூடாது: 20 செடி இருந்தால் 1. அதற்கும் குறைவென்றால் படம் மட்டும். புல், கோரை என்றால் வேரோடும் முற்றிய விதையோடும் எடுங்கள். வெறும் இலையை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. பெரணியில் அடிப்பக்கம் வித்துத்தூள் (spore) இருக்கும் இலையாகப் பாருங்கள். உயரமான செடியை, பிறகு ஒட்டிவைக்கும் 42×29 செ.மீ. தாளுக்குள் அடங்கும்படி மடியுங்கள். முதல் 3 நாள் தினமும் செய்தித்தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். துண்டுச்சீட்டு, நோட்டு, படம் மூன்றிலும் ஒரே எண். எழுதுவது பென்சிலால், மை நனைந்தால் கரையும்.

ஏரியின் நீர்மட்டத்தையும் குறியுங்கள். நீர் வற்றியபோது சேற்றில் முளைப்பவை, ஏறியபோது இருக்காது. மட்டம் எழுதாத பட்டியலை அடுத்த கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், மூழ்கிக் கிடந்த செடி அழிந்ததாகப் பதிவாகிவிடும்.