வைத்தியசாலையில் வாய் திறந்து கேளுங்கள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கியதும் வீடு, வேலை, வங்கிக் கணக்கு என்று ஓடுவோம். இவற்றோடு தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியது, அருகிலுள்ள ஜீ.பி. எனப்படும் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வது. கடவுச்சீட்டு, விசா, முகவரிச் சான்று இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டிப் பதிவை மறுக்கக்கூடாது. தஞ்சம் கோரியிருப்பவர்களுக்கும் இதே விதிதான். வரவேற்பு மேசையில் தயங்கினால், என்.எச்.எஸ். எனப்படும் அரச சுகாதார சேவையின் விதிப்படி இவை கட்டாயமில்லை என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

பதிவு எளிது. வைத்தியசாலைக் கட்டிலில் படுத்த பிறகு பேசுவதுதான் நம்மவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. இங்கே தாதியாக வேலை செய்யும் எனக்கு இது தினமும் கண்ணில் படுகிறது. வலி எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். மாலையில் மகள் வந்ததும், இரவு முழுக்கக் கண்மூடவில்லை என்று அவளிடம் அழுவார்கள். பெரிய டாக்டர் வந்தால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் இங்கே பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள். எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள்.

தாதியிடம் சொல்வது முறைப்பாடு ஆகாது. தாதியரைப் பதிவு செய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நடத்தை விதிகளில், நலிந்தவர்களுக்காகக் குரல் கொடுப்பது எங்கள் கடமை என்றே எழுதியிருக்கிறது. ஆனால் உங்கள் மனதில் இருப்பது தெரியாமல் நாங்கள் எதைப் பேச முடியும்?

ஆங்கிலம் போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். "டமில் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்" என்றால் போதும். அதற்குக் கட்டணம் இல்லை. ஏற்பாடு செய்வது வைத்தியசாலையின் பொறுப்பு. ஜீ.பி.யிடம் நேரம் பதிவு செய்யும்போதே சொல்லிவைப்பது நல்லது. இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, பெண்தான் வேண்டுமா என்பதையும் சொல்லலாம். அறிந்தவர் எவராவது வந்துவிடுவாரோ, கதை ஊருக்குள் போய்விடுமோ என்ற பயம் இருந்தால் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தாயின் இரத்தப்போக்கை அந்தப் பிள்ளை எந்த வார்த்தையில் சொல்லும்? புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதை அம்மாவிடம் திருப்பிச் சொல்லும் பாரத்தைப் பன்னிரண்டு வயதில் யாரும் சுமக்கக்கூடாது. கணவர் மொழிபெயர்ப்பதிலும் சிக்கல் உண்டு. அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயங்கள் சில பெண்களுக்கு இருக்கின்றன. தனியாகப் பேச வேண்டும் என்று தாதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் வழி செய்வோம்.

நோயை அம்மாவிடம் மறைத்துவிடுங்கள் என்று பிள்ளைகள் கேட்பதும் உண்டு. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இங்கே வைத்தியர் நோயாளியிடமே பேசுவார். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவரும் நோயாளியே. அவருக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் மொன்ட்கோமரி வழக்கில் தீர்ப்பளித்தது. விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்று: பெற்றோருக்கு நினைவு தவறினால் மூத்த மகன் என்பதாலேயே முடிவெடுக்கும் சட்ட உரிமை கிடைத்துவிடாது. வைத்தியர்கள் குடும்பத்தைக் கலந்து பேசி, நோயாளிக்கு எது நல்லது என்று பார்ப்பார்கள். அந்த உரிமை வேண்டுமானால், பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே, தமக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் பத்திரமான உடல்நலத்துக்கான 'லாஸ்டிங் பவர் ஒவ் அட்டார்னி' எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

நோயாளியின் நிலை மோசமாகிறது, யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் அவரைப் பார்க்கும் தாதியிடமும், பிறகு வார்ட் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் 'மார்த்தாஸ் ரூல்' என்று சொல்லுங்கள். மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி சைக்கிளில் விழுந்து கணையத்தில் அடிபட்டு, வைத்தியசாலையில் கிருமித்தொற்று முற்றி 2021இல் இறந்தாள். பெற்றோர் சொன்ன அச்சம் காதில் ஏறவில்லை. நேரத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தத் தாய் தந்தையின் போராட்டத்தால், 2024 முதல் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் இந்த ஏற்பாடு வந்தது. குடும்பத்தவரே ஓர் இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைத்து, வேறொரு வைத்தியக் குழு வந்து பார்க்கும்படி கேட்கலாம். இலக்கம் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும். கண்ணில் படாவிட்டால் கேளுங்கள். "அம்மா வழக்கமாக இப்படி இருக்கமாட்டார்" என்பது எங்களுக்கு மிகப் பெரிய தகவல். இயந்திரம் காட்டாததை மகளின் கண் காட்டும்.

சின்னச் சின்னக் குறைகளை வைத்தியசாலைக்குள்ளேயே இருக்கும் 'பால்ஸ்' (PALS) என்ற நோயாளர் உதவி அலுவலகம் தீர்த்துவைக்கும். முறையான புகாரை 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், புகார்களை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். புகாரினால் சிகிச்சை பாதிக்கப்படக்கூடாது. அது மருத்துவக் கோப்பில் சேர்க்கப்படுவதுமில்லை. கடிதம் எழுதத் தெரியாவிட்டால், உள்ளூர் கவுன்சில் ஏற்பாடு செய்திருக்கும் இலவச உதவியாளர் கூட இருந்து எழுதித் தருவார். 'என்.எச்.எஸ். கம்ப்ளெயின்ட்ஸ் அட்வகசி' என்று கேளுங்கள். அங்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.