எலக்ட்ரீசியன் விசிட்டிங் சார்ஜை நியாயமாக நிர்ணயிப்பது எப்படி?

"சும்மா வந்து பார்த்துட்டுப் போங்க தம்பி." காண்டிராக்டரிடம் இருந்து விலகி, தனியாக வேலை எடுக்கத் தொடங்கும் எல்லா எலக்ட்ரீசியனும் முதல் வாரத்திலேயே கேட்கிற பேச்சு இது. ஆனால் பார்ப்பதுதான் நம் வேலையில் பாதி. கீசர் எலிமென்ட் பழுதாகி மின்கசிவு வருகிறது, ஆர்சிசிபி (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் சுவிட்சுகளை, அதாவது எம்சிபிகளை, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்க வேண்டும். கசிவு நியூட்ரல் பக்கம் இருந்தால், ஃபேஸ் வயரை மட்டும் துண்டிக்கும் ஒற்றை போல் எம்சிபியை இறக்கினாலும் ஆர்சிசிபி விழத்தான் செய்யும். அப்போது நியூட்ரல் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். கடைசியில் கீசர் பிளக்கைப் பிடுங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். வீட்டுக்காரர் கண்ணில் படுவது பிளக்கைப் பிடுங்கியது மட்டும்தான்.

அந்த முக்கால் மணி நேரத்துக்கும் வண்டியில் வந்துபோனதற்கும் உரிய கூலிதான் விசிட்டிங் சார்ஜ். தொகையை எப்படிக் கணக்குப் போடுவது என்று பார்க்கலாம்.

படி 1: மாதச் செலவை எழுதுங்கள்

பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் 200 வாங்குகிறார், நாமும் 200 வாங்குவோம் என்று தொடங்காதீர்கள். அவருக்குச் சொந்த வீடு இருக்கலாம், உங்களுக்கு வாடகை இருக்கலாம். ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவுக்கு 22,000 ரூபாய். தொழில் செலவில் பெட்ரோல் 3,000, வண்டி சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் சேர்த்து 900, போன் 400. விபத்து, மருத்துவக் காப்பீட்டுக்கு 1,000. வேலை குறைந்த மாதத்துக்கென ஒதுக்குவது 1,500. அப்புறம் பலர் மறந்துவிடுவது கருவிகள். கிளாம்ப் மீட்டர், மெகர், டிரில்லிங் மெஷின், ஏணி எல்லாம் சேர்த்து 43,000 ரூபாய் என்றால், மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அதற்கு மாதம் 1,200. தொழில் செலவு மொத்தம் 8,000, வீட்டோடு சேர்த்து 30,000.

காப்பீட்டில் ஒன்று. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம் கிடைக்கும். ஏணியில் ஏறுகிற தொழில் நமக்கு. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: காசு வரும் மணி நேரத்தை மட்டும் எண்ணுங்கள்

25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். ஆனால் எலக்ட்ரிகல் கடையில் நிற்பது, போன் பேசுவது, அழைப்பு வராத மதியம் எல்லாம் அதில் போய்விடும். வண்டியில் போகும் நேரம், வேலை நேரம் இரண்டும் சேர்ந்து 120 மணி நேரம் தேறினால் நல்லது. 30,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு 250 ரூபாய்.

5 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்குப் போய்வர 35 நிமிடம், பழுதைப் பார்க்க 25 நிமிடம். ஆக ஒரு மணி நேரம். உங்கள் விசிட்டிங் சார்ஜ் 250 ரூபாய். பார்க்கிற அந்த நேரத்துக்குள்ளேயே முடிகிற சின்ன வேலைக்கு, அதாவது ஒரு லூஸ் கனெக்ஷனை இறுக்குவதற்குத் தனிக் கூலி வேண்டாம். அதற்கு மேல் போனால் அரை மணிக்கு 125. பெட்ரோல் ஏற்கெனவே 30,000-க்குள் இருக்கிறது, அதை மறுபடி தனியாகக் கேட்டால் இரண்டு முறை வாங்கியதாகிவிடும்.

படி 3: தூரமும் நேரமும்

மதுரை கே.கே. நகரில் இருப்பவருக்கு அண்ணாநகர் பக்கம், திருநகர் தூரம். 5 முதல் 10 கிலோமீட்டர் வரை 350, அதற்கு மேல் பேசி முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். இரவு 10 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஒரே அபார்ட்மென்டில் இரண்டு வீடுகளைப் பார்த்தால் விசிட்டிங் சார்ஜ் ஒன்றுதான், இருவரும் பாதிப் பாதி கொடுக்கட்டும். ஒரு தடவைதானே வண்டியை எடுத்தோம்.

படி 4: கிளம்புவதற்கு முன்பே சொல்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. வேலை முடிந்தபின் சொல்கிற 250 அதிகமாகத் தெரியும்; முன்பே சொன்ன 350-க்குக்கூட யாரும் முகம் சுளிப்பதில்லை. தயங்காமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அக்கா, வந்து பார்க்க 250 ரூபாய். சின்ன வேலைன்னா அதுலயே முடிஞ்சிரும். பெரிசா இருந்தா எவ்வளவு ஆகும்னு சொல்லிட்டு, நீங்க சரின்னு சொன்னப்புறம்தான் கை வைப்பேன்."

அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா? மெயின் போர்டில் ஏதாவது சுவிட்ச் தானாகக் கீழே இறங்கியிருக்கிறதா? பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் நீங்கள் போகவே வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்ணைக் கொடுங்கள்: 94987 94987. மீட்டரும் அதற்கு முந்தைய லைனும் வாரியத்துடையவை, அங்கே நாம் கைவைக்கவும் கூடாது. கருகிய வாசனை வருகிறது என்றால் மெயினை இறக்கச் சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். இந்தப் போன் ஆலோசனைக்குக் காசு கேட்காதீர்கள்.

படி 5: பொருள் விலையில் கூலியை ஒளிக்காதீர்கள்

விசிட்டிங் சார்ஜ் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அந்தப் பணத்தை வேறு வழியில் எடுக்கிறார்கள். கடையில் கமிஷன், எம்சிபி விலையில் கூடுதலாக நூறு, நன்றாக இருக்கும் சுவிட்சையும் மாற்றச் சொல்வது. வீட்டுக்காரர் இன்னொரு நாள் கடையில் விலை கேட்டால் உங்கள் பெயர் அங்கேயே கெட்டுவிடும். கடை பில்லை அப்படியே கொடுங்கள், கூலியைத் தனியாக எழுதுங்கள். கூலி வெளிப்படையாக இருந்தால்தான் "இந்த வயரிங் இன்னும் தாங்கும், இப்போது மாற்ற வேண்டாம்" என்று உங்களால் துணிந்து சொல்ல முடியும்.

படி 6: எப்போது வாங்கக் கூடாது

நீங்கள் செய்த வேலையில் 30 நாளுக்குள் அதே பழுது வந்தால் விசிட்டிங் சார்ஜ் கிடையாது. பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலும் வாங்காதீர்கள், உங்களைவிட அனுபவமுள்ள ஒருவரைக் கைகாட்டிவிட்டு வாருங்கள். ஆனால் பழுதைச் சொன்னபின் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர்கள் விட்டால், 250 உங்களுக்கு உரியது. கேட்டு வாங்குங்கள்.

பில் எழுதும்போது

தேதி, என்ன பழுது, விசிட்டிங் சார்ஜ், கூலி, பொருள் என்று தனித்தனி வரி போதும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பலாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, உள்ளூர் வீடுகளில் எலக்ட்ரிகல் வேலை செய்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கவும் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை படி 1-இன் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். தொகை கூடினால், புது ரேட்டை ஒரு மாதம் முன்பே வழக்கமான வீடுகளுக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.