கரண்ட் போனால் பவளத்துக்கு எத்தனை மணி நேரம்? ரீஃப் டேங்குக்கு உதிரிகள் சேர்த்து வைக்கும் முறை

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். சென்னையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. இதற்காகவே வாங்கி வைத்திருந்த பேட்டரி ஏர் பம்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். இரண்டு வருடமாகச் செல்லைக் கழற்றாமல் விட்டதில் உள்ளே கசிந்து, முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அன்று இரவு முழுக்க நானும் தம்பியும் முறை வைத்து, தொட்டித் தண்ணீரை ஜக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். மீன்கள் பிழைத்தன. என் தோள்பட்டை தேற ஒரு வாரம் ஆனது.

புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கெல்லாம் 200 லிட்டர் தொட்டிக்கு.

படி 1: ஒரு தாளில் மணி நேரக் கணக்கு

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். தொட்டியில் ஓடும் ஒவ்வொரு பொருளையும் எழுதி, அது நின்றால் எவ்வளவு நேரத்தில் சிக்கல் வரும் என்று பக்கத்தில் குறியுங்கள். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரும், கீழே உள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பும் சேர்ந்து நின்றால் சில மணி நேரம். ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் அரை நாள். ஆவியாகும் தண்ணீரை நிரப்பும் ஏற்பாடு நின்றால் ஒன்றிரண்டு நாள். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் நின்றால் இன்னும் சில நாள் தாங்கும். லைட் மூன்று நாள் எரியாவிட்டாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும்.

இந்த வரிசையில்தான் உதிரி வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கிய உதிரி எது தெரியுமா? லைட். இன்னும் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

வெளிநாட்டுப் பட்டியல்களில் ஹீட்டர் முதலில் வரும். சென்னையில் அந்தக் காசை மிச்சம் பிடித்து வேறு இடத்தில் போடலாம்.

படி 2: மூச்சு

உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். சூடு ஏறினால் இன்னும் குறையும். ராத்திரியில் மீன், பவளம், பாசி, பாறைக்குள் இருக்கும் பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை இழுக்கும். எதுவும் திருப்பித் தராது. காற்று உள்ளே போகும் ஒரே வழி தண்ணீரின் மேற்பரப்பு. அது அசையாமல் நின்றால் முதலில் பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும்.

அதனால் செல் போட்டு ஓடும் ஏர் பம்ப் இரண்டு வாங்குங்கள், கூடவே ட்யூப், காற்றைச் சின்னக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோன், காற்று ஒரு பக்கம் மட்டும் போகவிடும் செக் வால்வு. வால்வு இல்லாமல் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், அது நின்றதும் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியாகத் தரைக்கு வந்துவிடும். செல்போன் பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்புகளும் நல்லவை. 10,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் ஒன்றரை வாட் பம்பை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டும். ஆனால் சில பவர் பேங்குகள், இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்றால் தானாக அணைந்துவிடும். வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கணக்கு இப்படி. 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பேட்டரி என்றால் பெயருக்கு 1,800 வாட்-அவர். வீணாவதையும் பேட்டரியை முழுதாக வடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பாதியாக வைத்துக்கொள்வோம்: 900. வேவ்மேக்கர் 10 வாட், ரிட்டர்ன் பம்ப் 25 வாட். இரண்டு மட்டும் என்றால் சுமார் 25 மணி நேரம் ஓடும். அதே இன்வெர்ட்டரில் 75 வாட் ஃபேன் இரண்டும் 20 வாட்டுக்கு விளக்கும் சேர்ந்தால் நாலரை மணி நேரம்கூட வராது. வீட்டில் இதை முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். புழுக்கத்தில் பேசினால் மீன்தான் தோற்கும்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் ரகமா என்றும் பாருங்கள். ஸ்கொயர் வேவில் ஏசி பம்புகள் உறுமிக்கொண்டு சூடாகும்.

படி 3: சூடு

25 முதல் 27 டிகிரி வரை நிம்மதி. 30-ஐத் தாண்டி நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கலாம். சில்லருக்கு உதிரி சில்லர் வாங்க நம்மால் முடியாது. மாற்று, கிளிப் மாட்டும் சின்ன ஃபேன் இரண்டு. மேற்பரப்பில் காற்று வீசினால் தண்ணீர் ஆவியாகி இரண்டு டிகிரி வரை இறங்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அவ்வளவு இறங்காது.

அதற்கு மேல், ஃப்ரீசரில் எப்போதும் நாலு ஒரு லிட்டர் பாட்டில் பனிக்கட்டி. மூடி திறக்காமல் அப்படியே சம்பில் மிதக்க விடுங்கள். ஒரு பாட்டில் முழுதாக உருகி, தொட்டிச் சூட்டுக்கு வரும்போது 200 லிட்டரில் அரை டிகிரி இறங்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் போதும். நாலையும் ஒரே நேரத்தில் போட்டு அதிர்ச்சி கொடுக்க வேண்டாம்.

படி 4: தண்ணீரும் உப்பும்

20 லிட்டர் கேன் நாலு வாங்கி, இரண்டில் ஆர்ஓ-டிஐ தண்ணீர் (கரைந்த உப்பும் தாதுவும் நீக்கிய சுத்தத் தண்ணீர்), இரண்டில் கலந்து வைத்த உப்புத் தண்ணீர். அந்த 40 லிட்டர்தான் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. லிட்டருக்குச் சுமார் 38 கிராம் வீதம் ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும். கலந்த பிறகு அளந்து 35 பிபிடிக்கு (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சரிசெய்யுங்கள். கையிருப்பாக ஐந்து கிலோ தனியாக இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்கு உப்பு கல்லாக இறுகிவிடும், இறுக்கமான மூடி போட்ட வாளி தேவை.

"கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு கேன் மொண்டு வரலாமே?" என்று யாராவது கேட்பார்கள். புயல் மழைக்குப் பிறகு கூவமும் அடையாறும் ஊர்ச் சாக்கடையை எல்லாம் அந்தக் கடலில்தான் கொட்டியிருக்கும், உப்பும் குறைந்திருக்கும். வேண்டாம். கடலிலிருந்து பவளம் எடுத்து வருவதோ 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 5: சின்னச் சாமான்கள்

பம்ப் பழுது என்றால் பாதி நேரம் உள்ளே சுற்றும் இம்பெல்லரோ அதன் செராமிக் தண்டோதான் போயிருக்கும். என் பம்பின் தண்டு உடைந்தபோது கடையில் இருப்பு இல்லை. வர மூன்று வாரம் ஆனது. இப்போது எந்தப் பம்ப் வாங்கினாலும் கூடவே ஒரு இம்பெல்லர் செட். கூடுதலாக, தண்ணீர் மட்டத்தை உணரும் ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்று, ஹோஸ், கிளாம்ப், டெஃப்லான் டேப், ஓ-ரிங். கழற்றி மாற்றிய பழைய பம்பைத் தூக்கிப் போடாதீர்கள். வினிகரில் ஊற வைத்துச் சுண்ணாம்பு நீக்கினால் அதுவே உதிரி. தொட்டி கசிந்தால் மீன்களை மாற்ற 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. அதில் சோப்பு பட்டிருக்கக் கூடாது.

படி 6: மருந்துப் பெட்டி

தண்ணீரிலுள்ள நச்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் அரை கிலோ, அம்மோனியாவைக் கட்டும் சீச்செம் பிரைம் ஒரு பாட்டில், அம்மோனியா டெஸ்ட் கிட், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்கும் 35 பிபிடி திரவம். காலாவதித் தேதியைப் பெரிய எழுத்தில் மேலே எழுதுங்கள். தாமிர மருந்து வாங்கினால் அது தனித் தொட்டிக்கு மட்டும். ரீஃப் டேங்கில் போனால் இறாலும் நத்தையும் மிஞ்சாது.

கார்பன் ஏன் என்றால், மழைக்குப் பிறகு தெருவில் கொசு மருந்துப் புகை வரும். கொசுவைக் கொல்வது இறாலையும் விடாது, ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. சத்தம் கேட்டதும் ஜன்னலை மூடி, புகை கலையும் வரை ஏர் பம்பை நிறுத்துங்கள். வேவ்மேக்கர் ஓடட்டும். பிறகு புதுக் கார்பன் போடுங்கள்.

படி 7: ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் மெயின் ஸ்விட்சை ஒரு மணி நேரம் அணைத்துப் பாருங்கள். மேலிருந்து வடியும் தண்ணீர் சம்பில் அடங்குகிறதா, இருட்டில் டார்ச் கைக்கு வருகிறதா என்று தெரிந்துவிடும். நீங்கள் ஆபீசில் இருக்கும்போதும் கரண்ட் போகும், எனவே வீட்டில் இருப்பவரை விட்டே செய்யச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மா. கேபினட் கதவின் உள்பக்கம் அவருக்காக ஒட்டியிருப்பது மூன்றே வரி: தீனி போடாதே. நீல மூடிப் பம்பை ஓட்டு. எனக்கு ஃபோன் பண்ணு.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல், முதலில் வேவ்மேக்கர், அப்புறம் ரிட்டர்ன் பம்ப், கடைசியில் ஸ்கிம்மர். ஸ்கிம்மர் கொஞ்ச நேரம் பொங்கி வழியலாம், பக்கத்திலேயே நில்லுங்கள். பல மணி நேரம் நின்ற கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) இருந்தால் அதிலுள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போயிருக்கும்.

ஒத்திகை முடிந்ததும் ஏர் பம்பிலிருந்து செல்லைக் கழற்றி, அதன் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.