உடன்படிக்கைன்னு எழுதறப்ப நாம பண்ற தப்புங்க

தர்மபுரில டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கற பசங்க சில பேர் ஞாயித்துக்கிழமை ஆனா விடைத்தாள எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வருவாங்க, திருத்திக் குடுப்பேன். போன வாரம் ஒரு பொண்ணு "1792ல் ஸ்ரீரங்கத்தில் போட்ட அக்ரிமென்ட்"னு எழுதியிருந்துச்சு. ஸ்ரீரங்கம் திருச்சில இருக்கு, இது ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் பக்கம், திப்பு சுல்தானோட தலைநகரம். அக்ரிமென்ட்டும் இல்ல, உடன்படிக்கை.

வேற எத வேணா தப்பா எழுதுங்க, இத மட்டும் நம்ம ஊர்ப் புள்ளைங்க தப்பா எழுதக் கூடாதுங்க, ஏன்னா நம்ம மண்ணு கை மாறுனதே இதுலதான். 1791 நவம்பர்ல மேக்ஸ்வெல்ங்கற கிழக்கிந்தியக் கம்பெனி தளபதி கிருஷ்ணகிரி கோட்டைய புடிக்கப் பாத்து முடியாம திரும்பிப் போனாரு, ஆனா சண்டை போட்டு புடிக்க முடியாத அந்தக் கோட்டை அடுத்த மார்ச்ல கையெழுத்தான உடன்படிக்கையில பாரமகாலோட (அப்ப நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இருந்த பேரு) சேந்து கம்பெனிக்குப் போயிடுச்சு. திப்பு பாதி ராஜ்ஜியத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் தர ஒத்துக்கிட்டு, அதுக்குப் பிணையா ரெண்டு மகனுங்கள அனுப்பி வெச்சாரு. அதுக்காக கிருஷ்ணகிரி மாவட்டம் முழுசும் 1792லயே போச்சுன்னு எழுதிடாதீங்க. ஓசூர் மேட்டுப் பக்கம், பாலாகாட்னு சொல்லுவாங்களே, அது 1799ல திப்பு இறந்தப்பறம்தான் போச்சு.

சரி, ஒப்பந்தத்துக்கும் உடன்படிக்கைக்கும் என்ன வித்தியாசம்? ஒப்பந்தம் பொதுவான சொல்லு. மாந்தோப்பு குத்தகை எழுதறது ஒப்பந்தம், ஓசூர்ல ஃபேக்டரி போட ஒரு கம்பெனி தமிழ்நாடு அரசோட கையெழுத்துப் போடறது புரிந்துணர்வு ஒப்பந்தம், யூனியனும் நிர்வாகமும் பேசி முடிக்கறது சம்பள ஒப்பந்தம். இது எதையும் உடன்படிக்கைன்னு எழுதாதீங்க. நாடும் நாடும் எழுத்துல செஞ்சுக்கிட்டு சர்வதேச சட்டப்படி ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தினாதான் நம்ம பாடத்துல அது உடன்படிக்கை. (சர்ச்ல உடன்படிக்கைப் பெட்டின்னு கேட்டிருப்பீங்க, அது கடவுளுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல உள்ளது, அத இதோட குழப்பிக்காதீங்க.)

அந்தப் பொண்ணு உடனே ஒரு கேள்வி கேட்டுச்சு, எனக்கு ரொம்ப சந்தோசமாப் போச்சு. "1792லயும் கையெழுத்துப் போட்டது கம்பெனிதானே சார், அது மட்டும் எப்படி உடன்படிக்கை?"ன்னு. நல்ல கேள்வி. இங்கிலாந்து ராஜா குடுத்த பட்டயத்துல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு போர் தொடுக்கவும் சமாதானம் பேசவும் அதிகாரம் இருந்துச்சு, பேருதான் கம்பெனி, இங்க நடந்துக்கிட்டது ஒரு அரசு மாதிரி. ஓசூர் கம்பெனிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

இந்தக் காலத்துல நம்ம மாநில அரசுக்கே கிடையாதுங்க. வெளிநாட்டோட உடன்படிக்கை செய்யறது மத்திய அரசு பட்டியல்ல 14வது இனம், அத அமல்படுத்த சட்டம் போடற அதிகாரம் அரசியலமைப்போட 253வது பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு. அதனால ஒகேனக்கல்ல தண்ணி குறையும்போதெல்லாம் நாம பேசற 1892, 1924 காவிரி ஒப்பந்தங்கள "சர்வதேச உடன்படிக்கை"ன்னு எழுதாதீங்க, அது சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செஞ்சுக்கிட்டது, ஒப்பந்தம்னே எழுதுங்க.

பேர மட்டும் பாத்து ஏமாறதும் நிறைய நடக்குது. உடன்படிக்கைங்களுக்கான விதிகளச் சொல்ற 1969 வியன்னா உடன்படிக்கை இத தெளிவாவே சொல்லுது, என்ன பேர் வெச்சாலும் பரவால்ல, உள்ள இருக்கறதுதான் முக்கியம்னு. 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம் பேர்ல ஒப்பந்தம், ஆனா சர்வதேச சட்டப்படி உடன்படிக்கைதான். 1948 மனித உரிமைப் பிரகடனம் எவ்ளோ பெருசா தெரிஞ்சாலும் பிரகடனம்தான், உடன்படிக்கை இல்ல, அதுல சொன்ன உரிமைகள நாடுகளக் கட்டுப்படுத்தற மாதிரி எழுதுனது 1966ல.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். கையெழுத்துப் போட்டாச்சு, முடிஞ்சுதுன்னு எழுதறது. பெரும்பாலான பெரிய உடன்படிக்கைங்கள்ல கையெழுத்துக்கு அப்பறம் அந்தந்த நாடு தன் ஊர் முறைப்படி அத உறுதி செய்யணும், அப்பதான் கட்டுப்படுத்தும். 1919 வெர்சேல்ஸ் உடன்படிக்கைல அமெரிக்க அதிபர் வில்சனே கையெழுத்துப் போட்டாரு, அவங்க செனட் ஏத்துக்கல, அமெரிக்கா வெளியவே நின்னுடுச்சு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கைல இந்தியா 1997ல கையெழுத்துப் போட்டுச்சு, ஆனா உறுதி செய்யல. அதனால "கையெழுத்தானது", "உறுதி செய்யப்பட்டது", "அமலுக்கு வந்தது" மூணையும் ஒண்ணாக்கி எழுதாதீங்க, மூணுக்கும் தேதி வேற வேறயா இருக்கலாம்.

அதே மாதிரி 2025 ஏப்ரல்ல சிந்து நதிநீர் உடன்படிக்கைய இந்தியா நிறுத்தி வெச்சப்ப பாதிப் பேர் "ரத்து"ன்னு எழுதுனாங்க. நிறுத்தி வைக்கறது வேற, ரத்து பண்றது வேற, 1960ல போட்ட உடன்படிக்கை இன்னும் காகிதத்துல இருக்கு.

கடைசியா எழுத்துப்பிழை. "உடன்படிகை"ன்னு எழுதாதீங்க, க் வரணும். ஆனா பழைய எழுத்துல எங்கயாவது "உடம்படிக்கை"ன்னு பாத்தா சிவப்பு மையில சுழிச்சுடாதீங்க, உடம்படுமெய்னு இலக்கணத்துல படிக்கறோமே, அந்த உடம்படுதல்லேந்து வந்தது, அதுவும் சரியான சொல்லுதான்.